ஒரு மூச்சில் சொல்ல வேண்டிய விலாசம்

பெண்கள் விடுதிகளில் புதிதாக மேட்ரன் வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். மேடையேறி இரண்டு வார்த்தை பேசச் சொன்னதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. இத்தனை வருஷம் ஒரு கல்லூரி விடுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் வரவில்லை. ஆனால் அன்று உங்களில் ஒருத்தி கேட்ட கேள்வி மனதில் கிடந்து உறுத்துகிறது. "விடுதியில் பிள்ளைகளுக்கு மொத்தமாகக் காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது அக்கா?" என்று கேட்டாளே, அதற்கு எழுதிப் பதில் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். பெரிய வார்த்தைகள் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒன்று. காய்ச்சல் உங்களை அவ்வளவு படுத்தாது. அதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. வரும், நாலு நாள் கிடக்கும், போகும். காய்ச்சலைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள்தான் படுத்துவார்கள். அவர்களுக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது.

நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பூஜை விடுமுறை முடிந்து பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பினார்கள். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. எல்லாரும் ஊரிலிருந்து முந்திரிக்கொத்தும் முறுக்கும் கொண்டு வந்தார்கள். ஒருத்தி இருமலும் சேர்த்துக் கொண்டு வந்தாள். முந்திரிக்கொத்து தீருவதற்குள் அவள் அறையில் எல்லாருக்கும் காய்ச்சல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதி விடுதி படுத்துவிட்டது. ஆண்கள் விடுதியிலும் அதே கதைதான்.

கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் வார்டன் டீச்சர் பிரசவத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். கதவோரம் நின்றேன். பிள்ளைகளுக்குக் கஞ்சி யார் வைப்பது, வெந்நீர் எங்கே போடுவது என்று கேட்பார்கள் என்று நினைத்து விடையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர்கள் பேசியது வேறு.

"ஃப்ளூ என்று அறிக்கையில் போட்டால் அடுத்த வருஷம் ஒரு பிள்ளையும் சேராது" என்றார் சரித்திர ஆசிரியர்.

"பின்னே என்னவென்று போடுவது?"

"பருவகாலச் சளி."

"சளிக்கு எதுக்கு வேய் அறிக்கை?" என்றார் கணக்கு ஆசிரியர். "மூக்குச் சிந்தினா போராதா?"

சாயா வந்தது, குடித்தார்கள், மறுபடியும் அதையே பேசினார்கள். கடைசியில் பிரின்சிபால் கையை உயர்த்தினார். நல்ல மனிதர். பிள்ளைகள் மேல் நிஜமான அக்கறை உள்ளவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் நீங்கள் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மழை பிடித்தால் அம்மா நொச்சி இலை போட்டு ஒரு பானை கொதிக்க வைப்பாள். எட்டுப் பேரையும் ஒரே கம்பளிக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்வாள். ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லார் வீட்டிலும் அதே பானை, அதே கம்பளி. எல்லாரும் பிழைத்துக் கிடந்தார்கள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் சாப்பாட்டு அறை வராந்தாவில் வரிசையாகப் பானைகள். தேகப்பயிற்சி டீச்சர் விசில் ஊதினால் எல்லாரும் கம்பளிக்குள் தலையை விட வேண்டும். மறு விசிலுக்கு வெளியே எடுக்க வேண்டும். கம்பளி குறைவாக இருந்ததால் ஒன்றுக்கு ஐந்து தலை. காய்ச்சல் இல்லாதவர்களும் முன்ஜாக்கிரதைக்காக வர வேண்டும் என்று பிரின்சிபால் உத்தரவு. நோயாளிப் பிள்ளைகள் மயங்கிப் பானையில் விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருத்திக்கும் இரண்டு பக்கமும் ஒரு நல்ல பிள்ளையை உட்கார வைத்தார்கள். கம்பளிக்குள் இருமுவது கேட்கும். கூடையால் கவிழ்த்துப் போட்ட கோழிகள் மாதிரி இருக்கும்.

அந்த நல்ல பிள்ளைகளில் ஒருத்தி லீலா. கருங்கல் சந்தையில் மிளகு வியாபாரம் செய்யும் செல்லையாவின் மகள். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பானை சுமக்க எனக்கு உதவிக்கு வந்தவளை, "நீயும் உக்காரு பிள்ளே, நல்லதுதானே" என்று டீச்சர் பிடித்துக் கம்பளிக்குள் தள்ளினார். இரண்டு இருமல்களுக்கு நடுவே.

இரண்டு மூன்று நாளில், அதுவரை நடமாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். லீலாவும் படுத்தாள்.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்போதுதான் வந்து சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஊரெல்லாம் காய்ச்சல், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பாய் விரித்திருந்தார்கள். அவர் வந்த நேரம் விசில் ஊதியிருந்தது. வராந்தாப் படியில் நின்று கம்பளிகளைப் பார்த்தார்.

"இது யாருக்க யோசனை?"

டீச்சர் விசிலை முந்தானைக்குள் மறைத்தார்.

"நொச்சி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆளுக்கொரு சட்டி குடுங்க, ஆளுக்கொரு துணி குடுங்க. ஒரு கம்பளிக்குள்ள அஞ்சு பேரு இருந்து ஒருத்திக்க மூச்ச இன்னொருத்தி குடிச்சா அது வைத்தியமா? அது பந்தி!"

பந்தி அன்றோடு கலைந்தது. தங்கைகளே, வீட்டில் நல்லதாக இருப்பது விடுதியில் நல்லதாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கும் ஒரே காற்றுதான், கம்பளி இருந்தாலும் இல்லாவிட்டாலும். விடுதியில் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊர்க் காற்றைக் கொண்டு வருகிறாள்.

புறப்படும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரியில கட்டில் கிடையாது. தூக்கிட்டு அலையாதே. ஜன்னலத் திறந்து போடு, கஞ்சித் தண்ணி குடுத்துக்கிட்டே இரு, தனித்தனியா படுக்க வை. ரெண்டு விஷயம் மட்டும் பாரு. விட்ட காய்ச்சல் திரும்ப வருதாண்ணு பாரு. அப்புறம், காலையில ஒவ்வொருத்தியையும் விலாசம் சொல்லச் சொல்லு. பேரு, அப்பா பேரு, ஊரு, வீட்டுப்பேரு, எல்லாம் ஒரே மூச்சில. நேத்து சொன்னவ இண்ணைக்கு நடுவுல மூச்சு வாங்கினா உடனே எனக்கு ஆளு அனுப்பு. நெஞ்சுல சளி கெட்டியாச்சுண்ணு அர்த்தம். எங்க இருந்தாலும் வருவேன்."

இவ்வளவுதான் வைத்தியம். பிள்ளைகள் இதை விளையாட்டாக்கிவிட்டார்கள். காலையில் நான் அறைக்குள் நுழைந்ததும் போட்டி தொடங்கும். திருவட்டாற்றுப் பிள்ளை ஒருத்தி பெருமாள் கோவில் தெருவில் ஆரம்பித்து, வீட்டுப்பேர் சொல்லி, பசுவின் பேர் சொல்லி, அதன் கன்றுக்குட்டி வரைக்கும் போய் மூச்சு முட்டி நிற்பாள். லீலா விடமாட்டாள். "லீலா, செல்லையா மக, கருங்கல் சந்தைக்கு மேக்க, கெணத்துவிள வீடு, வாசல்ல ரெண்டு புளியமரம், ஒண்ணு காய்க்கும், ஒண்ணு காய்க்காது!" மற்றவர்கள் படுத்துக்கொண்டே கைதட்டுவார்கள்.

இதற்குள் ஊர்களுக்குச் செய்தி போய்விட்டது. நம் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, தீனம் என்று கேட்டால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பார்கள், தீனம் பார்க்கப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எனவே வந்தார்கள். மட்டிப்பழமும் ரொட்டியும் கட்டிக்கொண்டு குழித்துறையிலிருந்தும் கருங்கலிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்க்க ஏழு பேர். ஏழு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, ஏழு பேரும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பக்கத்துக் கட்டில் பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அவள் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார்கள். தலைமாட்டில் பதியில் வழிபடுகிறவர்கள் கொண்டு வந்த நாம மண்ணும், கோவில் பிரசாதமும், போதகர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயும் ஒன்றாக இருந்தன. அவை சண்டை போடவில்லை. கொண்டு வந்தவர்கள்தான் எது முதலில் என்று சண்டை போட்டார்கள்.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பழைய கட்டிலை இழுத்து அறைவாசலுக்குக் குறுக்கே போட்டேன். வெளியே ஜன்னலுக்கு நேராக ஒரு பெஞ்சு போட்டேன். அவ்வளவுதான். வந்தவர்கள் கட்டிலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பெஞ்சுக்குப் போனார்கள். வாய் இல்லாதவர்களுக்குக் கட்டில், பெஞ்சு, பூட்டு இவைதான் துணை. உங்களில் என்னைப் போன்றவர்கள் இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் பெஞ்சுக்குப் போனார்கள் என்றா சொன்னேன்? லீலாவின் அத்தை போகவில்லை. செல்லையாவின் தங்கை. நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"சன்னல் வழியா பாக்கதுக்கு இது என்ன செயிலா? எனக்க அண்ணன் மொவ கொலையா செய்தா?"

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி, ஒனக்கு வாய் இல்லியா? மேட்ரன்ணா ஊமைய வெச்சிருக்காவளா?"

உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள். லீலா கூப்பிட்டுச் சொன்னாள்: "அத்தே, எனக்குக் காய்ச்சல் விட்டாச்சு. நீங்க பழத்த அங்க வெச்சிட்டுப் போங்க." உண்மைதான். அன்று அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சியோடு பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அத்தை பழத்தை வைத்துவிட்டு, மருமகளைச் செயிலில் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கருங்கலுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை லீலாவுக்கு மறுபடியும் குளிர்ந்து நடுங்கியது. விலாசம் கேட்டேன். "கருங்கல்" என்ற இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். "புளியமரம் எங்க பிள்ளே?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். நான் சமையல்கார அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். டாக்டரம்மா வெளியே போயிருக்கிறார், எங்கே என்று கேட்டுத் தேடுகிறார்கள் என்று பதில் வந்தது. அக்காவை மறுபடியும் அனுப்பினேன்.

அந்தக் காலையில்தான் கல்லூரிக்கு அடுத்த யோசனை தோன்றியது. விடுதிகளை மூடிவிடுவது. இரண்டு மணிக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் பஸ் ஏறிவிட வேண்டும், காய்ச்சல் உள்ளவர்களும். விடுதியில் பிள்ளை இல்லாவிட்டால் விடுதியில் காய்ச்சல் இல்லை, பாருங்கள். எவ்வளவு சுலபம்! உத்தரவைக் கொண்டு வந்த பியூனிடமே கேட்க நினைத்தேன்: பஸ்ஸில் முப்பது பேரோடு நெருக்கிக்கொண்டு போனால் அது கம்பளி இல்லையா? கேட்கவில்லை. நடமாடக் கூடிய பிள்ளைகளின் பெட்டியை மட்டும் எடுத்து வெளியே வைத்து அவர்களைப் பஸ்ஸுக்கு அனுப்பினேன். படுத்திருந்தவர்களின் பெட்டியைத் தொடவில்லை.

அந்த நேரம் ஒரு வாடகைக் கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. செல்லையா இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையிலும் துண்டிலும் மிளகு வாசம். பின்னாலேயே அத்தை.

"மேட்ரன் அம்மா, எனக்க மொவளக் கூட்டிட்டுப் போவ வந்தேன். வாற வழியில கேட்டேன், பெரிய சாரும் எல்லாரையும் அனுப்பணும்ணு சொல்லிட்டாவளாம்."

எப்படி மறுப்பேன்? பெற்றவர் கேட்கிறார். கல்லூரியே போகச் சொல்கிறது. பள்ளிக்கூடப் படிப்புப் படித்த ஒரு மேட்ரன் எதை வைத்து முடியாது என்பாள்? அதே சமயம் கருங்கல் ரோடு அந்த மழையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தை உள்ளே போய் லீலாவின் பெட்டியைத் தூக்கி வந்து காரில் வைத்துவிட்டாள். நான் நடந்து போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகினேன்.

"என்னம்மா இது? எங்கள உள்ள வெச்சுப் பூட்டுதியளா?"

"நான் சொல்லல்லியா அண்ணே!" என்றாள் அத்தை. "செயிலேதான்!"

செல்லையா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவளுக்கும் இப்பிடித்தான் ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரியில விட்டேன். நாளைக்கு வாங்கண்ணு சொன்னாவ. நாளைக்குப் போனேன். கட்டில் காலியா கெடந்தது. இவளுக்கு என்ன ஆனாலும் எனக்க வீட்டுல, எனக்க கண்ணுக்கு முன்னால ஆவட்டும். தொறங்க அம்மா."

"உள்ள வாங்க" என்றேன். அறைவாசலில் குறுக்கே கிடந்த கட்டிலை முதல் முறையாக ஒருவருக்காக நகர்த்தினேன்.

லீலா அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்டேன்: "லீலா, விலாசம் சொல்லு பிள்ளே."

விளையாட்டு என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினாள். "லீலா... செல்லை..." தோள்கள் மேலே ஏறின. வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். மறுபடியும், "செல்லை..." அவ்வளவுதான். காலையில் கருங்கல் வரைக்கும் வந்தவள் இப்போது அப்பா பேரையே தாண்டவில்லை.

"பைய சொல்லு மக்கா" என்றார் அவர். அவள் வேகமாகச் சொல்லி ஜெயித்துவிடப் பார்த்தாள். முடியவில்லை. அவரே குனிந்து மீதியைச் சொல்லி முடித்தார். "...செல்லையா மக. கருங்கல் சந்தைக்கு மேக்க. கெணத்துவிள வீடு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னம்மா?"

எனக்கு வாய் வந்தது. எங்கிருந்து வந்ததோ!

"நேத்து புளியமரம் வரைக்கும் சொன்னா. இண்ணைக்கு இவ்வளவுதான் மூச்சு. இது கருங்கல் வரைக்கும் தாங்காது. நீங்க போவாண்டாம், இஞ்சயே இருங்க. கட்டில் பக்கத்துலயே இருங்க. நாளைக்கு வாங்கண்ணு நான் சொல்லமாட்டேன். டாக்டரம்மாதான் வரணும். எங்க இருக்காவண்ணு தெரியல்ல."

அவர் மகளின் முதுகில் கையை வைத்து அந்த மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு வெளியே பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, காரு சும்மா நிக்குது. நீ போ. டாக்டரம்மா எங்க இருந்தாலும் கூட்டிட்டு வா."

சாவியை அத்தையிடம் கொடுத்தேன்.

அவள் போன பிறகு பிரின்சிபால் குடையோடு வந்தார். மணி இரண்டாகிவிட்டது, இன்னும் எத்தனை பேர் உள்ளே, உத்தரவு வரவில்லையா என்று கேட்டார். என் வாய் வந்த மாதிரியே போய்விட்டிருந்தது. செல்லையா எழுந்து வந்து கும்பிட்டார். "சார், எனக்க மொவ இஞ்சதான் கெடப்பா. விடுதிய அடைக்கணும்ணா எங்களையும் உள்ள வெச்சு அடைச்சுக்கிடுங்க. அந்த அம்மைக்குப் பூட்டு நல்லா தெரியும்."

பிரின்சிபால் குடையை மடக்கினார், விரித்தார், போய்விட்டார்.

அத்தை டாக்டரம்மாவை எங்கே பிடித்தாள், எப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. கூட்டி வந்துவிட்டாள். டாக்டரம்மா காரிலிருந்து இறங்கும்போதே என்னிடம் சொன்னார்: "உனக்கு வாய் இல்லேண்ணா சொல்லு, இவளையே இந்த வேலைக்குப் போட்டிரலாம்." நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். அவருடைய சிரிப்பு நின்றது. பென்சிலின் ஊசி போட்டார். மறுபடியும் வந்து போட்டார். பிழைப்பாளா என்று சொல்ல முடியாமல் சில நாட்கள் போயின. செல்லையா அந்தப் பெஞ்சை ஜன்னலோரம் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, இலையில் சுற்றிய சோற்றை அங்கேயே தின்று, அங்கேயே கிடந்தார்.

படுத்திருந்த எங்கள் பிள்ளைகள் இங்கேயே கிடந்து தேறினார்கள். ஆண்கள் விடுதிப் பிள்ளைகள் உத்தரவுப்படி காய்ச்சலோடு ஊருக்குப் போனார்கள். பின்னாலேயே குழித்துறையிலும் திருவட்டாற்றிலும் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். கல்லூரிக் கணக்கில் மட்டும் ஒரு காய்ச்சலும் இல்லை. அந்த வருஷத்து ஆண்டு விழாவில், தக்க நேரத்தில் எடுத்த முன்ஜாக்கிரதையாலும் நொச்சி ஆவியாலும் பருவகாலச் சளி கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்று வாசித்தார்கள். தேகப்பயிற்சி டீச்சருக்குக் கைதட்டல் கிடைத்தது. நீங்களும் இப்படி எத்தனையோ கேட்பீர்கள். கேட்டுக்கொண்டு கஞ்சி வைக்கப் போங்கள்.

லீலா தேறிய பிறகு செல்லையா ஊருக்குப் போய், அவளைக் கூட்டிப் போகக் காரோடு திரும்பி வந்தபோது கார் கொள்ளாமல் ஆட்கள். பழக்குலை வேறு. தீனம் மாறியதையும் பார்க்க வர வேண்டுமாம். கேட்டருகே வந்ததும் அவர் நின்று, என் இடுப்பில் இருந்த சாவியைப் பார்த்தார். "தொறப்பியளா, இல்ல சோதனை உண்டுமா?" என்றார்.

நான் லீலாவைப் பார்த்தேன்.

"லீலா, செல்லையா மக, கருங்கல் சந்தைக்கு மேக்க, கெணத்துவிள வீடு, வாசல்ல ரெண்டு புளியமரம், ஒண்ணு காய்க்கும், ஒண்ணு காய்க்காது" என்று ஒரே மூச்சில் சொன்னாள். இன்னும் மூச்சு மிச்சம் இருந்தது. அதில் விடுதிக் கஞ்சியில் உப்பே இல்லை என்று குறையும் சொல்லி முடித்தாள்.

கேட்டைத் திறந்துவிட்டேன்.